ஜப்பானியர் அனைவருக்கும் தேயிலையைப் பற்றித் தெரியுமா?

"நாள்தோறும் பச்சைத் தேநீர் குடிக்கும் ஜப்பானியர்களுக்கு அதைப் பற்றிய ஆழ்ந்த அறிவும் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேநீர்ச் சடங்கின் காணொளி எதையேனும் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தேயிலைக்குப் பேர்போன ஷிசுவோகாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலோருக்கு இருக்காது. சாதாரண விஷயத்தை 'அன்றாடத் தேநீர், சோறு' என்றே குறிக்கும் மொழி அவர்களுடையது. என்னுடன் பணியாற்றிய இளைஞர்கள் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த தேநீரை வாங்கிக் குடித்தார்களே தவிர, அவர்களில் பலர் வீட்டில் இலையை ஊறவைக்கும் கியூசுக் கெண்டிகூட இல்லை.

ஒருமுறை எனக்குப் பரிசாக வந்த கியோகுரோ என்ற உயர்ரகப் பச்சைத் தேயிலையை அலுவலகத்தில் கொதிநீர் ஊற்றித் தயாரித்தேன். கசந்தது, ஆயினும் எல்லோரும் மரியாதைக்காகப் பாராட்டினார்கள். ஓய்வுபெறும் வயதிலிருந்த பெண் ஊழியர் ஒருவர் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, புதிய இலையை எடுத்து, கொதிநீரைக் கோப்பைக்குக் கோப்பை மாற்றி ஆற்றத் தொடங்கினார். ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஏறக்குறைய பத்து டிகிரி குறையும் என்றும், 50 டிகிரி வரை பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். பறிப்பதற்குமுன் சுமார் 20 நாள் வெயில் படாமல் மூடி வளர்ப்பதால் இந்த இலையில் சுவை தரும் தியனின் மிகுந்திருக்கும். கொதிநீரோ கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டசினை விரைவாக இழுத்துவிடும். வறுத்த தேயிலையான ஹோஜிச்சாவுக்கு அதே கொதிநீர்தான் பொருத்தம் என்றும் அவரே விளக்கினார். கடைசிச் சொட்டுவரை வடித்துக் கொடுத்த அந்தச் சிறிதளவு தேநீர், கடற்பாசி மணத்துடன் ரசம்போல் கனத்திருந்தது.

அவர் தேநீர்ச் சடங்கு பயின்றவரல்லர். பிறந்த வீட்டில் தேயிலைத் தோட்டம் இருந்தது. சடங்கைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ செம்மைப்படுத்திய அக்கலை மச்சா என்ற தேயிலைத் தூளைச் சார்ந்தது. இலையை வடிக்கும் நுட்பம் வேறு. வெறும் பச்சைத் தேயிலைப் பொடியை மச்சா என்று விற்பவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. நிழலில் வளர்த்த இலையின் காம்பும் நரம்பும் நீக்கி அரைத்தால்தான் அது மச்சா.

மூன்றாம் முறை வடித்தபின், மிஞ்சிய இலையில் சில துளி சோயா சாஸ் விட்டு எங்களை உண்ணச் சொன்னார். உடனிருந்த இருவர் ஷிசுவோகாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். என்னைப் போல அவர்களுக்கும் அதுவே முதன்முறை.