ரிப்போர்ட் நார்மல், ஆனாலும் பாதம் எரிகிறதே டாக்டர்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. பல மாதங்களாக இரண்டு பாதங்களிலும் எரிச்சல், ஊசி குத்தல். இரவில் போர்வை பட்டால்கூடத் துடித்துப்போகிறார். இப்போது கணுக்கால்வரை ஏறிவிட்டது. எம்.ஆர்.ஐ., நரம்புக் கடத்தல் பரிசோதனை இரண்டும் நார்மல். மனப்பிரச்சினையாக இருக்கும் என்கிறார்கள். சர்க்கரைக்கு வெகுநாட்களாக மாத்திரை சாப்பிடுகிறார். அது கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: மனப்பிரச்சினை என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். நரம்புக் கடத்தல் பரிசோதனையில் தெரிவது தடித்த நரம்பிழைகளின் நிலை மட்டுமே. எரிச்சலையும் வலியையும் கொண்டுசெல்பவை மெல்லிய இழைகள். அவை பழுதாகியிருந்தாலும் ரிப்போர்ட் நார்மலாகவே வரலாம். கணுக்காலுக்குச் சற்று மேலே 3 மி.மீ. தோலை எடுத்து, இழைகளை எண்ணிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. எல்லோருக்கும் அது தேவைப்படாது.

முதலில் அம்மாவின் மாத்திரைகளைப் பாருங்கள். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் இருக்கிறதா? வருடக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். கூடவே அசிடிட்டி மாத்திரையும் தினமும் போட்டால் இன்னும் குறையும். ரத்தசோகை வராமலே இந்தக் குறைபாடு நரம்பைப் பாதிக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பி12 அளவைப் பார்க்க, பி12 ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் அளவு ஏறித் தெரியும். 'நரம்புச் சத்து' மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா? பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கால் மரத்தது என்றாலே இதை எழுதிக்கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை.

தைராய்டு, சிறுநீரகம், ரத்தப் புரத எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தத்திலுள்ள புரதங்களை வகை பிரித்துப் பார்ப்பது) சோதனைகளும் தேவை. நரம்பியல் நிபுணரிடம் போகும்போது, எங்கே தொடங்கியது, எப்படி ஏறியது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முகம் கழுவக் கண்ணை மூடினால் தடுமாறுகிறாரா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்கேனைவிட இந்தப் பக்கம் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

ஓரிரு நாளில் பலவீனம் மேலே ஏறினாலோ, சிறுநீர் பிரியாமல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எல்லாம் பார்த்தும் சிலருக்குக் காரணம் பிடிபடாது. அதற்காக வலியைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிரிகாபலின், டுலோக்ஸெட்டின் போன்ற மருந்துகள் உண்டு. இரண்டாவது மனச்சோர்வுக்கும் தரப்படுவது. அதை எழுதிக்கொடுத்தால், மறுபடியும் மனப்பிரச்சினை என்கிறார்களோ என்று அம்மா வருந்த வேண்டாம். நரம்பு வலிக்காகத்தான் கொடுக்கிறார்கள்.