ஒரு நாள் பண்ணைச் சுற்றுலாவால் பிள்ளைகளுக்கு இயற்கையோடு உறவு ஏற்படுமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைகளை ஒரு நாள் பண்ணைக்கு அழைத்துச் சென்றால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாளில் பெரிதாக ஒன்றும் நிகழாது. அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே நிலத்துக்கு, ஒரே பாத்திக்கு, ஒரு பருவம் முழுவதும் திரும்பத் திரும்ப அழைத்துப் போங்கள் என்கிறேன்.

நான் மொரீஷியஸின் ஃபிளாக் மாவட்டத்தில், கோயிலை ஒட்டி நடக்கும் மாலை வகுப்பில் தமிழ் கற்பிக்கிறேன். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்றும் தைப்பொங்கல் அறுவடைத் திருநாள் என்றும் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு ஆடி குளிர்காலம். தையோ கோடையும் புயலும் சேர்ந்து வரும் மாதம். அப்போது கரும்பு பாதி வளர்த்தியில்தான் நிற்கும். வெட்டு ஜூனில் தொடங்கி ஆண்டின் இறுதிவரை நடக்கும். பாடமும் வயலும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை. நாள்தோறும் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பேருந்தில் வருபவர்கள் இவர்கள். அது என்னை மிகவும் வருத்தியதால், என் வீட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தைத் திருத்தி, சனிக்கிழமை வகுப்பை அங்கே மாற்றினேன்.

முதல் பருவத்தில் பீன்ஸ் விதைத்தோம். முளைத்து இரண்டு இலை விட்ட வாரத்தில் நல்ல மழை. மறுநாள் காலையில், பிள்ளைகள் தத்தம் பெயரெழுதிக் குச்சி நட்டிருந்த இடங்களில் மொட்டைத் தண்டுகள்தாம் நின்றன. மண்ணில் பளபளத்த தடத்தைத் தொடர்ந்து போனால், கற்குவியலின் ஈர நிழலில் கைமுட்டி அளவு ஆப்பிரிக்க நத்தைகள். (எரிமலையில் பிறந்த தீவு இது, கரும்பு நடுவதற்காக உழைப்பாளிகள் பொறுக்கிக் குவித்த கற்கள் இன்றும் வயல்களில் மேடுகளாக நிற்கின்றன.) ஒரு சிறுமி அழுதாள், அழுகையினூடே, பக்கத்திலிருந்த வெங்காயத் தாளை மட்டும் நத்தை ஏன் தொடவில்லை என்று கேட்டாள். அடுத்த விதைப்பில் பாத்தியைச் சுற்றி வெங்காயம் நட்டுப் பார்த்தார்கள், பாதிதான் பலித்தது. அந்த நத்தைகளில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும் என்பதால், கையுறை இல்லாமல் தொட நான் விடுவதில்லை. ஒரு நாள் சுற்றுலாவாக வந்திருந்தால் அவளுக்கு அந்த இழப்பும் இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை.

எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து வந்தது. “ஐயா, என் அம்மா கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்தது போதும், என் மகன் மண்வெட்டி பிடிக்க வேண்டாம்” என்று ஒருவர் மகனை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் பிறந்தவர்கள், பிள்ளையை மண்ணிலிருந்து விலக்குவதையே முன்னேற்றமாக எண்ணியதில் வியப்பென்ன இருக்கிறது? ஆனால் அவருடைய தாயார் தாமாகவே வரத் தொடங்கினார். நடுவதற்காக வெட்டிய கரும்புத் துண்டான கரணையை உழுத சாலில் கிடத்தும்போது, கணுவில் உள்ள முளைப்பருக்கள் மேலும் கீழுமாக இல்லாமல் இரு பக்கவாட்டிலும் இருந்தால்தான் எல்லாம் ஒரே சீராக முளைக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்துத் திருத்தினார். பேரன் இன்றுவரை வரவில்லை.

பிள்ளைகளை விவசாயிகளாக்கப் பார்க்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அது என் நோக்கமன்று. பெரியவர்களின் வேலையை அவர்கள் தலையில் நான் சுமத்துவதில்லை, விளைந்ததை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இதையே ஒரு பள்ளியில் நடத்தலாமா என்று அங்கே கேட்டபோது, தேர்வுக்கான நேரம் வீணாகும் என்று மறுத்துவிட்டு, ஆண்டுக்கு ஒரு நாள் பேருந்து வைத்துப் படமெடுக்க மட்டும் ஒப்புக்கொண்டார்கள். மழையையும் வேரையும் பூச்சியையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவதற்கு மட்டும் அங்கே நேரம் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

நீங்கள் கீரையில் தொடங்குங்கள். சிறுகீரை ஏறத்தாழ 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். சிறு பிள்ளையின் பொறுமைக்கு அது எட்டும். அடுத்து வெண்டை போடலாம். விதைத்த பிள்ளையே களையெடுக்கவும் பறிக்கவும் வரும்படி நாள்களைப் பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அதற்கு இசையாத பண்ணை என்றால் வேறு பண்ணையைப் பாருங்கள்.