எட்டு வயதிலும் மலக்கசிவு: அவன் சோம்பேறி அல்ல

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஆசனவாய் இல்லாமல் பிறந்தான். மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகத் துவாரம் (ஸ்டோமா) வைத்து, பிறகு ஆசனவாய் அமைத்து, ஒன்றரை வயதுக்குள் எல்லா அறுவை சிகிச்சைகளும் முடிந்துவிட்டன. ஆனாலும் தினமும் நான்கைந்து முறை உள்ளாடையில் மலம் கசிகிறது. அது தனக்குத் தெரிவதே இல்லை, வாடைகூட வரவில்லை என்கிறான். பள்ளியில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. காலையில் சாப்பிடாமலேயே கிளம்பிவிடுகிறான். சோம்பேறித்தனம் என்று அவன் அப்பா திட்டுகிறார். இதற்கு முடிவே இல்லையா, டாக்டர்?

பதில்: முதல் வேலையாக இந்தப் பதிலை அவன் அப்பாவிடம் படிக்கக் கொடுங்கள்.

மலத்தை அடக்க மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். மலம் வந்து நிற்பதை உணரும் நரம்புகள், இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத் தசை, சேர்த்துவைத்து ஒரே வேளையில் தள்ளும் குடல். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்று உங்கள் மகனைப் போலப் பிறக்கிறது. இவர்களில் பலருக்கு அந்தத் தசையும் நரம்பும் கருவிலேயே சரியாக வளர்ந்திருக்காது. அறுவை சிகிச்சை ஆசனவாயை உரிய இடத்தில் அமைத்துத் தரும். இல்லாத நரம்பை உண்டாக்கித் தராது. தெரியவில்லை என்று அவன் சொல்வது பொய் அல்ல. வாடை விஷயமும் அப்படித்தான். எந்த வாடையும் நெடுநேரம் கூடவே இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும்.

அடுத்து, கசிவு எந்த வகை என்று தெரிய வேண்டும். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு மலச்சிக்கல் மிகச் சாதாரணம். குடலில் மலம் கட்டியாகத் தேங்க, அதன் ஓரமாக நீர்த்த மலம் வழியும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்தால் தேக்கம் இன்னும் கூடும். வயிற்றுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் தேக்கம் இருப்பது தெரிந்துவிடும். தேங்கியதை வெளியேற்றிவிட்டு, மருத்துவர் அளவு பார்த்துத் தரும் மலமிளக்கியைத் தொடர்ந்தால், உண்மையில் அடக்கும் திறன் உள்ள பிள்ளைக்குக் கசிவு நின்றுவிடும்.

திறனே குறைவு என்றாலும் கைவிரிக்க வேண்டியதில்லை. அடக்கத் தெரியாத குடலைத் தினமும் ஒரே நேரத்தில் எனிமாவால், அதாவது ஆசனவாய் வழியே உப்புநீர் செலுத்தி, காலி செய்துவிட்டால், அடுத்த எனிமா வரை, அதாவது ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு, கசிய எதுவும் இருக்காது. கேட்க எளிது, அளவு பிடிபடத்தான் பொறுமை வேண்டும். ஒரு வாரம் தினமும் எக்ஸ்ரே பார்த்து, உப்புநீரின் அளவையும் அதில் சேர்க்கும் மருந்தையும் மாற்றி மாற்றி அந்தப் பிள்ளைக்கு எது பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இப்படி உள்ளாடை சுத்தமாகப் பள்ளிக்குப் போகிறார்கள். வெறும் தண்ணீரால் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். ரத்தத்தில் உப்பின் அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடலாம். கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

வயது ஏறும்போது இன்னொரு சிக்கல் வரும். அம்மா முன் படுத்து எனிமா எடுத்துக்கொள்ள எந்தப் பையனும் கூச்சப்படுவான், கூச்சப்படவும் வேண்டும். 1990-இல் மலோன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் இதற்கு ஒரு வழி சொன்னார். குடல்வாலை வயிற்றுத் தோலோடு இணைத்து ஒரு சிறு துவாரம் அமைக்கிறார்கள். பிள்ளை கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு அதன் வழியே தானே உப்புநீரைச் செலுத்திக்கொள்ளலாம். ஆனால் சாதாரண எனிமாவில் குடல் காலியாகிறது என்று உறுதியான பிறகே இதற்குப் போக வேண்டும்.

காலை உணவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அதுதான். சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசையத் தொடங்கும். பாடப்புத்தகம் சொல்வதற்கு முன்பே உங்கள் மகன் அதைத் தானாகக் கண்டுபிடித்து, பட்டினியை மருந்தாக்கிக்கொண்டிருக்கிறான். வாழ்க்கைத் தரம் என்று நாங்கள் எழுதுவதெல்லாம் இதைத்தான். இதில் பெற்றோர் சொல்லும் பதிலும் பிள்ளை சொல்லும் பதிலும் பல நேரம் பொருந்துவதில்லை. ஆகவே, எது உனக்கு அதிகக் கஷ்டம் என்று அவனிடமே கேளுங்கள். கசிவு என்று சொல்லாமல், பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்லக்கூடும். விளையாட்டு வகுப்பில் எல்லோர் எதிரிலும் உடை மாற்றுவதாக இருக்கலாம். இவற்றுக்கு மருந்து தேவையில்லை. நம்பகமான ஓர் ஆசிரியரிடம் மட்டும் விவரம் சொல்லி, கையைத் தூக்கி அனுமதி கேட்காமல் எழுந்து போகவும், மாற்றுடை வைத்துக்கொள்ளவும் வழி செய்தால் போதும். வகுப்பு முழுவதற்கும் விளக்குவதா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

கசிவு திடீரென அதிகமானாலோ, புதிதாகச் சிறுநீர் கசிந்தாலோ, கால் பலவீனமானாலோ தாமதிக்காதீர்கள். ஆசனவாய் இல்லாமல் பிறந்தவர்களில் சிலருக்குத் தண்டுவடம் கீழே ஒட்டி இழுபடும் குறை இருக்கும். எம்ஆர்ஐ எடுக்க வேண்டிவரும்.

இரண்டு வாரம், எப்போது கசிந்தது, எப்படி இருந்தது, அன்று என்ன சாப்பிட்டான் என்று குறித்துக்கொண்டு, பழைய அறுவை சிகிச்சைக் குறிப்புகளோடு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினால், வேறொரு நிபுணரையும் கேளுங்கள்.

எனிமா தொடங்கினால் முதல் வாரப் பொறுப்பை அவன் அப்பாவிடம் கொடுங்கள். விளையாடும் நேரத்தில் தினமும் முக்கால் மணி நேரம் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை சோம்பேறியா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.