ஜிம்மிக்கு ஆன 14,600 ரூபாய்: இன்ஷூரன்ஸ் எடுப்பதா, சேமிப்பதா?

கேள்வி: என் கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் 52,000 ரூபாய் சம்பளம். நான் பள்ளி ஆசிரியை, 19,000 வாங்குகிறேன். ஒரே மகள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வீட்டில் ஜிம்மி என்ற 4 வயதுப் பெண் லேப்ரடார் இருக்கிறது. போன மாதம் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், ஊசி, மாத்திரை என்று 14,600 ரூபாய் ஆகிவிட்டது. கிரெடிட் கார்டில் கட்டினேன். இந்த மாதம் மினிமம் தொகை மட்டும் கட்டியிருக்கிறேன். ஜிம்மியின் எடை 36 கிலோ, குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். வருடா வருடம் செக்கப்புக்குக் கூட்டி வரவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்ணி மாத்திரை (ஒன்று 2,200 ரூபாய்) கொடுக்கவும் சொல்கிறார். கணவரோ, "ஊர்ல எங்க வீட்டு நாய்க்கு யாரு செக்கப் பாத்தா?" என்கிறார். தோழி ஒருத்தி 50,000 ரூபாய்க்கு நாய் இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்கிறாள், பிரீமியம் வருடம் 6,800. ஜிம்மியின் சாப்பாட்டுக்கு மாதம் 4,800, குளிப்பாட்டி முடி வெட்ட 1,200 ஆகிறது. சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. மகளுக்காக வங்கியில் மாதம் 4,000 ரூபாய் ஆர்.டி. போடுகிறோம். அதை நிறுத்திவிட்டு ஜிம்மிக்கு ஒதுக்கலாமா? என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இன்ஷூரன்ஸ், செக்கப் எல்லாம் அப்புறம். முதலில் அந்த கிரெடிட் கார்டு பாக்கியை இன்றைக்கே மொத்தமாகக் கட்டிவிடுங்கள். கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் என்று வைத்தால்கூட 14,600 ரூபாய்க்கு மாதம் சுமார் 500 ரூபாய் போகிறது. அந்த வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி வேறு. மினிமம் மட்டும் கட்டிவிட்டுப் பாக்கி வைத்திருக்கும்போது அதே கார்டில் மளிகை வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே அதற்கும் வட்டி ஓடத் தொடங்கும். சேமிப்புக் கணக்கில் 70,000 ரூபாயை 3 சதவீதத்துக்கும் குறைவான வட்டியில் வைத்துக்கொண்டு கார்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் கட்டுவதில் அர்த்தமே இல்லை.

மகளின் ஆர்.டி.யைத் தொட வேண்டாம். தொடத் தேவையும் இல்லை என்பதைக் கீழே கணக்கில் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கணவரின் கேள்விக்கு வருவோம். ஊரில் நாய்க்கு யாரும் செக்கப் பார்த்ததில்லை, உண்மைதான். அந்த நாய்களில் எத்தனை குட்டியிலேயே செத்தன என்று எண்ணிப் பார்த்தவர்களும் இல்லை. தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தக் கழிச்சலில் இரண்டு மூன்று நாளில் போய்விடும். வீட்டில் "குட்டி தங்கல" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஊர் நாய் வேட்டைக்கும் காவலுக்கும் ஓடிய நாய், மிஞ்சிய சோற்றைத் தின்று ஒல்லியாக இருந்தது. உங்கள் ஜிம்மி டைல்ஸ் தரையில் படுத்துக்கொண்டு பாக்கெட் உணவு சாப்பிடும் லேப்ரடார். இரண்டுக்கும் ஒரே கணக்கு வராது.

என் பார்வையில் நாய்ச் செலவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எப்போது வரும், எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்த செலவு. இன்னொன்று திடீரென்று வருவது. உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பர்ஸிலிருந்து போவதால், தடுப்பூசிகூடத் திடீர்ச் செலவு மாதிரித் தெரிகிறது.

தெரிந்த செலவை முதலில் எழுதிப் பார்ப்போம். வருடத் தடுப்பூசி, ரேபிஸ் ஊசியோடு சேர்த்து 1,500 ரூபாய். பூச்சி மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பொதுவாகப் பத்து கிலோவுக்கு ஒரு மாத்திரை, ஜிம்மி 36 கிலோ என்பதால் ஒவ்வொரு முறையும் நான்கு. ஒன்று 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,600. உண்ணி மாத்திரை நான்கு முறை, 8,800. டாக்டர் ஃபீஸ் ஒரு தடவைக்கு 400 என்று இரண்டு தடவைக்கு 800. வருடத்தில் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, 1,400 என்று வையுங்கள். மொத்தம் 14,100. மாதத்துக்கு 1,175, முழுசாக 1,200. உண்ணி மாத்திரை விலை தவிர மற்றவை என் உத்தேசம். உங்கள் கிளினிக்கில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

"இந்தக் காய்ச்சலுக்கு ஆனதே 14,600தானே, வருடா வருடம் கிட்டத்தட்ட அதே தொகையை ஏன் கட்ட வேண்டும்?" என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் 14,600 என்பது நோய் சீக்கிரம் பிடிபட்டபோது வந்த பில். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்ற கிருமிகள் ரத்தத்தைத்தான் தாக்குகின்றன. தட்டணுக்கள் மோசமாகக் குறைந்து வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், அட்மிட் செய்து பல நாள் வைத்திருந்தால், பில் இதைவிடப் பல மடங்காகும். எர்லிக்கியா சில நாய்களின் உடம்பிலேயே தங்கி, மாதங்கள் கழித்துத் திரும்பத் தலைகாட்டும். ஒரு முறை வந்துவிட்டதால் இனி வராது என்றும் கிடையாது. திருநெல்வேலி வெயிலுக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். சுவர் விரிசலிலும் நாய் படுக்கும் இடத்திலும் ஒளிந்திருக்கும் என்பதால், நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு வீட்டைக் கவனிக்காமல் விட்டால் பாதி வேலைதான். 8,800 அதிகமாகத் தெரிந்தால் முதுகில் விடும் சொட்டு மருந்தைப் பற்றிக் கேளுங்கள், அது மலிவு. ஜிம்மிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மாத்திரை எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வகை மாத்திரைகளில் அந்த எச்சரிக்கை உண்டு.

சரி, அந்த 1,200 எங்கிருந்து வரும்? ஜிம்மியின் தட்டிலிருந்தே வரும்.

பெண் லேப்ரடார் 25 முதல் 32 கிலோ வரை இருந்தால் போதும். ஜிம்மி 36. அமெரிக்காவில் நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார்களை வைத்து அவற்றின் வாழ்நாள் முழுக்க ஓர் ஆய்வு செய்து 2002-இல் வெளியிட்டது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. குறைவாகப் போடச் சொல்வது உணவு விற்கிற கம்பெனியின் ஆய்வு என்பதால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடுகிறது!

உங்கள் 4,800-இல் கால் பங்கு 1,200. ஆனால் நாளையே கால் பங்கைக் குறைக்காதீர்கள். காய்ச்சலிலிருந்து இப்போதுதான் எழுந்திருக்கிறது. எவ்வளவு, எத்தனை வாரத்தில் என்று டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள். முதலில் போக வேண்டியது எலும்பு பிஸ்கட்டும் கடையில் தொங்கும் மெல்லுகிற சாமான்களும். பாக்கெட்டில் வரும் நாய் உணவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கால்நடை கிளினிக்கின் மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு. டாக்டர் ஃபீஸ் மீது யாராவது ஜிஎஸ்டி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். எடை 30-க்கு இறங்கினால் பூச்சி மாத்திரையும் நான்கிலிருந்து மூன்றாகிவிடும்.

சலூன் செலவு 1,200 பற்றி உங்கள் இஷ்டம். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. லேப்ரடாருக்கு முடி வெட்டத் தேவையில்லை. வீட்டு வாசலில் குழாயடியில் குளிப்பாட்டிக் காதைத் துடைத்துவிட்டால் போதும். காதுக்குள் ஈரம் தங்கினால் லேப்ரடாருக்குச் சீழ் பிடிக்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

அந்த 1,200-ஐ நான் இன்னொரு வேலைக்குக் கேட்கிறேன். திடீர்ச் செலவுக்கு 30,000 ரூபாய் நிதி சேர வேண்டும். மாதம் 1,200 போட்டு, தீபாவளி போனஸில் 10,000 சேர்த்தால் ஒன்றரை வருடத்துக்குள் சேர்ந்துவிடும். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அல்லது நினைத்தபோது உடைக்கக்கூடிய வங்கி ஆர்.டி. போதும். அஞ்சலக ஆர்.டி. இதற்கு வேண்டாம். அது 5 வருடத் திட்டம், 3 வருடத்துக்கு முன் மூட முடியாது. நாய் ராத்திரி பத்து மணிக்கு வாந்தி எடுக்கும்போது அது உதவாது. 30,000 சேரும்வரை உங்கள் 70,000-இல் கார்டு பாக்கி போக மிஞ்சுவதே பாதுகாப்பு.

அடுத்து இன்ஷூரன்ஸ். 6,800 கட்டினால் அந்த 14,100-இல் ஒரு ரூபாயாவது குறையுமா? பெரும்பாலும் குறையாது. நம் ஊரில் விற்கும் நாய் பாலிசிகளில் தடுப்பூசி, பூச்சி மாத்திரை, வழக்கமான செக்கப், கருத்தடை ஆகியவை சாதாரணமாகச் சேராது. முன்பே இருந்த நோய்க்கு விலக்கு, தொடக்கத்தில் காத்திருப்புக் காலம், நுழைய வயது வரம்பு எல்லாம் உண்டு. தடுப்பூசி ஒழுங்காகப் போடாத நாய்க்கு அந்த நோய் வந்தால் கிளெய்ம் நிற்காது. சில பாலிசிகள் நாய் இறந்தால்தான் பணம் தரும், சிகிச்சைக்குத் தராது. உங்கள் தோழி சொல்லும் பாலிசியில் ஜிம்மிக்கு மறுபடி உண்ணிக் காய்ச்சல் வந்தால் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் வருமான வரியிலும் இதற்குச் சலுகை கிடையாது. அந்தச் சலுகை உங்களுக்கும் கணவருக்கும் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்குத்தான்.

ஆகவே இப்போதைக்கு ஜிம்மிக்குப் பாலிசி வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே ஒரு விதிவிலக்கு: ஜிம்மி வெளியாட்களைக் கடிக்க வரும் நாய் என்றால், அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு சேர்ந்த பாலிசி யோசிக்கத் தக்கது. அதைவிட ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் கடிதத்தில் நாய் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கணவரின் டெர்ம் இன்ஷூரன்ஸ் (அவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) பற்றி ஒரு வரியும் இல்லை. வீட்டு வருமானத்தில் முக்கால்வாசி அவர் சம்பளம். அவருக்கு டெர்ம் பாலிசியும், கம்பெனி கொடுப்பதைத் தாண்டிக் குடும்பத்துக்கு ஒரு மெடிக்கல் பாலிசியும் இல்லையென்றால், 6,800 ரூபாய் முதலில் அங்கே போக வேண்டும்.

செக்கப்பில் அப்படி என்ன பார்ப்பார்கள்? எடை, பல், காது, தோல், இதயத் துடிப்பு, வயிற்றைத் தடவி ஏதாவது கட்டி இருக்கிறதா என்று. பதினைந்து நிமிட வேலை. 4 வயதுக்கு வருடம் ஒருமுறை போதும், 7 வயதுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போவது நல்லது. பல்லில் காரை படிவதை ஆரம்பத்திலேயே சொன்னால் வீட்டில் பிரஷ் போட்டுச் சமாளிக்கலாம். விட்டுவிட்டால் மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்து, பல்லும் பிடுங்க வேண்டி வரும். வீட்டில் நீங்களே வாரம் ஒருமுறை ஈறு நிறத்தைப் பாருங்கள். வெளுத்துப் போயிருந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். காய்ச்சல் என்று நினைத்து நம் மாத்திரை டப்பாவிலிருந்து பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுக்காதீர்கள். ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, இரண்டு ரூபாய் மாத்திரையைப் பெரிய பில்லாக்கிவிடும். பாயசத்து உலர்திராட்சையும் சாக்லேட்டும் வெங்காயமும் அப்படித்தான்.

கருத்தடை பற்றி நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் என் பட்டியலில் அதுவே முதல் பெரிய செலவு. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏற ஏறக் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் ஆபத்து கூடும், பயோமெட்ரா என்பார்கள். பெண் நாய்க்குக் கருத்தடை செய்வது வழக்கமில்லாத ஸ்வீடனில், இன்ஷூரன்ஸ் நிறுவனப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, சுமார் நான்கில் ஒரு பெண் நாய்க்கு 10 வயதுக்குள் அது வந்திருந்தது. இன்ஷூரன்ஸ்காரர் கணக்கில் நான்கில் ஒன்று என்பது மிகப் பெரிய எண். வந்துவிட்டால் அவசர ஆபரேஷன், உடனே, உயிருக்கு ஆபத்தோடு, கேட்ட விலைக்கு. முன்கூட்டிச் செய்தால் நாள் பார்த்து, விலை விசாரித்துச் செய்யலாம். ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து சில வாரங்களில் ஜிம்மி நிறையத் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விலை விசாரிக்க உங்களுக்கு நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி ஆஸ்பத்திரியில் கட்டணம் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு, காத்திருக்கும் நேரம் கூடுதல். உங்களுக்குப் பள்ளி விடுமுறை இருப்பது இதற்கு வசதி. மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனையிலும் நாய்க்குப் பார்ப்பார்கள். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். இந்த நாட்களை ஒட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறை இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடத்துவது வழக்கம், விசாரித்துக்கொள்ளுங்கள். கருத்தடைக்கு இப்போதே நாள் குறிக்க வேண்டாம். தட்டணு எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த பிறகு, அடுத்த ஹீட்டுக்கு முன், டாக்டர் சொல்லும் மாதத்தில் செய்யுங்கள். போகும்போது தடுப்பூசி நோட்டையும் போன மாத ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் ஒவ்வொரு ஊசிக்கும் தேதியும் கையெழுத்தும் அந்த நோட்டில் வாங்கிவிடுங்கள். பின்னால் பாலிசி எடுக்க நினைத்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.