கழுத்தை இழுக்கும் கருவிக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. வீட்டிலிருந்து தையல் தைக்கிறேன். மூன்று கிழமையாகக் கழுத்தில் தொடங்கும் வலி வலது தோள் வழியாகக் கைக்கு இறங்குகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் விறைக்கின்றன. கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் கொஞ்சம் சுகம். நரம்பு நசிந்துவிட்டது என்கிறார்கள். கழுத்தை இழுத்துவிடும் கருவியையும் கழுத்துப்பட்டியையும் சேர்த்து 18,500 ரூபாவுக்கு முகநூலில் விற்கிறார்கள். 10 நாளில் நரம்பு விடுபடுமாம். கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?
— வாசகி, கொக்குவில்

பதில்: வேண்டாம் அக்கா. மகனின் காசு இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும்.

கையைத் தலைமேல் வைத்தால் சுகம் என்று எழுதியது நல்லது. வைத்தியரிடமும் அதை மறக்காமல் சொல்லுங்கள். கை உயரும்போது நரம்பின் இழுவை தளர்கிறது. கழுத்தில் நரம்பு நசிந்தவர்களிடம் வைத்தியர்கள் தேடும் அடையாளம் அது. பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்தால் பெரும்பாலும் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரல் என்றால் ஏழாவது. ஆனால் மணிக்கட்டில் நரம்பு நெரிந்தாலும் இதே விரல்கள்தான் விறைக்கும். நீரிழிவாலும் விறைப்பு வரும். எது என்று தெரியாமல் கழுத்தை இழுத்து என்ன செய்வது?

கழுத்து நரம்புதான் என்றாலும், பெரும்பாலானவர்களுக்குச் சத்திரசிகிச்சை இல்லாமலே 6 முதல் 12 கிழமைக்குள் வலி நன்றாகக் குறைந்துவிடும். உங்களுக்கு மூன்று கிழமை போய்விட்டது. இனித் தானாகக் குறையப்போகும் வலிக்கு அந்தக் கருவி பேர் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எலும்பு பலமிழந்து இலகுவில் முறியக்கூடியவர்களுக்கும் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் தனியே கழுத்தை இழுப்பது ஆபத்து. பட்டியையும் ஓரிரு கிழமைக்கு மேல் போட்டால் கழுத்துத் தசை பலமிழக்கும்.

யாழ் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். தேவையென்றால் இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) அனுப்புவார்கள், எல்லாம் இலவசம். ஸ்கானுக்கு அவசரப்பட வேண்டாம். 40 தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல், கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டில் தேய்வு ஸ்கானில் தெரியும். பார்மசியில் கேட்டு வலிமாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம், சில மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அப்புறம் உங்கள் தையல் மெசின். ஊசியடியைப் பார்க்க நாடி நெஞ்சில் முட்டுகிறதென்றால் மேசை பதிவு. நாலு காலுக்கும் பலகைத் துண்டு வைத்து உயர்த்திப் பாருங்கள். அரை மணிக்கு ஒருதரம் எழும்பி நடவுங்கள். படுக்கையில் ஒரு தலையணை போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கத்தரிக்கோல் பிடி தளர்ந்தால், பொத்தான் பூட்டக் கை தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தைக்கிற உங்களுக்குக் கையின் தளர்ச்சி முதல் நாளே தெரிந்துவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒருவேளை காசு ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். “10 நாளில்” என்ற அந்த விளம்பரத்தை இன்றைக்கே கைபேசியில் படமெடுத்து வையுங்கள், அவர்கள் அழித்துவிடுவதற்கு முன்.