‘சவுண்ட் மைண்ட்’, ‘சவுண்ட் ஸ்லீப்’ என்கிறார்களே, ஒலிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலியைக் குறிக்கும் சவுண்ட், லத்தீனின் ‘சோனஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நீங்கள் கேட்கும் பெயரடை பழைய ஆங்கிலச் சொல். நலமாக இருப்பதை ஜெர்மன்காரர்கள் ‘கெசுண்ட்’ என்கிறார்களே, அதற்குப் பங்காளி.

நீங்களும் என்னைப் போலத் தமிழ் வழியில் படித்து, ஏதோ அலுவலகத் தாளில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கேட்கத் தயங்கித்தான் இங்கே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தயங்கவே வேண்டாம். இது உங்களுக்குத் தெரிந்த சொல்தான். “அவரா, சவுண்டு பார்ட்டி” என்று நம் ஊரில் சொல்வதில்லையா? அந்த சவுண்டு இதுதான். பணத்தில் ஆட்டம் காணாதவர். “ரொம்ப சவுண்டு விடாதே” என்பது மற்றது.

எனக்கு இது மனதில் பதிந்தது மாங்காயால். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் என் மாமாவுக்கு பெங்களூரா ரக மாந்தோப்பு இருக்கிறது. ஒரு சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றுக்குக் காய் ஏற்றிப் போனார். லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த சீட்டில் ஒரே வரி, ‘ஃப்ரூட்ஸ் நாட் சவுண்ட்’. “சவுண்டுனு என்னமோ எழுதியிருக்கான், என்னன்னு பாரு பாப்பா” என்று என்னிடம் நீட்டினார். அகராதியில் ஒலிக்குக் கீழே, தனிச் சொல்லாக, ‘பழுதற்ற, கெடாத’ என்று இருந்தது. ஆனால் காய்கள் பார்க்க நன்றாகத்தானே இருந்தன? மாமாவைக் கூட்டிக்கொண்டு ஆலைக்கே போனேன். தரம் பிரிக்கும் அக்கா எதுவும் பேசாமல் ஒரு காயை அறுத்துக் காட்டினார். தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, உள்ளே புழு. பழ ஈ தோலுக்கடியில் முட்டையிட்டிருக்கிறது. கூழ் வாங்கும் கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் ‘சவுண்ட், மெச்சூர், ரைப்’ என்று பழத்துக்கு நிபந்தனை இருக்குமாம். மேல்தோல் பளபளத்தால் போதாது, உள்ளேயும் சொத்தை இருக்கக் கூடாது. அதுதான் சவுண்ட்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும். சவுண்ட் ஸ்லீப் என்றால் இடையில் கலையாத தூக்கம். சவுண்ட் அட்வைஸ் என்றால் நம்பி நடக்கக்கூடிய யோசனை. ஒரு கட்டடம் சவுண்ட் என்றால் விரிசல், இளக்கம் இல்லாமல் உறுதியாக நிற்கிறது. ‘சேஃப் அண்ட் சவுண்ட்’ என்றால் ஊர் போனவர் அடிபடாமல் முழுசாக வந்து சேர்ந்தார். சட்டத்திலும் உண்டு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்பந்தம் போட ‘சவுண்ட் மைண்ட்’ என்றால் என்ன என்பதைத்தான் சொல்கிறது: போடும் நேரத்தில் அதைப் புரிந்துகொள்ளவும், தனக்கு அதனால் என்ன ஆகும் என்று யோசித்து முடிவெடுக்கவும் முடிய வேண்டும். எதிர்ச்சொல் ‘அன்சவுண்ட்’. ‘சவுண்ட்லெஸ்’ என்று எழுதிவிடாதீர்கள், அது சத்தமில்லாதது.

நான் ஆங்கில ஆசிரியை இல்லை. ‘சவுண்ட் பீட்டிங்’ என்றால் செம அடி, அதற்கு உன் மாங்காய் விளக்கம் பொருந்துமா என்று யாராவது கேட்கலாம். குறை வைக்காமல் முழுசாகக் கொடுத்த அடி என்று எடுத்துக்கொண்டால் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கேள்விக்கு வெளியே ஒன்று சொல்ல வேண்டும். 2025இல் பெங்களூரா விலை விழுந்து பறிகூலிக்கே கட்டாமல் எத்தனை பேர் காயை மரத்திலேயே விட்டார்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட விவசாயியின் லோடைத் திருப்பும்போது ஏன் அவருக்குப் புரியாத மொழியில் சீட்டு? ‘பழ ஈ தாக்கியிருக்கிறது’ என்று தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அது தெரிந்த பிறகுதான் மாமா தோப்பில் பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் மெத்தில் யூஜினால் பொறி கட்டினார், விழுந்த காயைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினார். வாடகை வண்டிக்கு இரண்டு பக்கமும் கொடுத்த பணம் போனது போனதுதான். ஆலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சீட்டைத் தமிழில் அச்சடியுங்கள்.