கட்டுமானத் துறையில மேனேஜர்களை புதுசா யோசிச்சு பிரச்சனையை தீர்க்க வைக்கிறது எப்படி?

கேள்வியைப் பாத்தாலே நீங்க எச்ஆர்னு தெரியுது. கிண்டியில ஏசி ஹால்ல உக்கார வெச்சு ஸ்ட்ராவுல டவர் கட்டச் சொன்ன ட்ரெயினிங்குக்கு நானும் போயிருக்கேன், 19 வருஷமா பில்டிங் கட்டுறவன்கிட்ட ஸ்ட்ராவ குடுக்குறாங்க.

2019 ஜூன், சென்னை ஓஎம்ஆர் பக்கம் சைட். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம்னு நாலு ஏரியும் வத்திப்போய் அடுத்த மாசம் ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த வருஷம். போர் தண்ணி வாயில வெச்சா உப்புக் கரிக்கும், அதை கான்கிரீட்ல ஊத்துனா உள்ள கம்பி துரு புடிக்கும். தண்ணி லாரி சொன்னா மூணு நாள் கழிச்சு வரும். எங்களுது பிபிசி (PPC), அதாவது சாம்பல் கலந்த சிமென்ட், 10 நாளாவது க்யூரிங் வேணும், கான்கிரீட்டை காய விடாம ஈரமாவே வெச்சிருக்கணும், ஆனா பில்லர்ல சுத்துன சாக்கு அந்த வெயிலுக்கும் காத்துக்கும் அரை மணி நேரத்துல மொறமொறன்னு ஆயிடும்.

தண்ணி ஊத்திட்டிருந்த விழுப்புரத்து சித்தாள் அக்கா தான் சொன்னாங்க, "பூவை ஈரத்துணில சுத்தி கவர்ல போட்டா ரெண்டு நாள் வாடாது சார், இதையும் அப்படி சுத்துனா என்ன?" உடனே ஆள் அனுப்பி 7,400 ரூபாய்க்கு பிளாஸ்டிக் ஷீட் வாங்கி சாக்கு மேல இறுக்கி கட்டினோம், காலைல ஒரு தடவை சாயந்திரம் ஒரு தடவை நனைச்சா போதும்னு ஆச்சு. இது புஸ்தகத்துலயே இருக்குன்னு சொல்ல வராதீங்க, தெரியும், அன்னிக்கு எந்த இன்ஜினியருக்கும் தோணல, எனக்கும் தான். டெஸ்ட்டுக்குன்னு தனியா வார்க்கிற க்யூப் ரிசல்ட்டை காட்டி பீத்திக்கல, அது தொட்டித் தண்ணில ஊறுறது. பில்லர்லயே ரீபவுண்ட் ஹேமர், அதான் தட்டிப் பாத்து கான்கிரீட் பலத்தை சொல்ற கருவி, அதை வெச்சு பாத்தோம், நல்லாவே வந்துச்சு.

ஆடிட்ல என்ன கேட்டாங்க தெரியுமா? மூணு கொட்டேஷன் எங்க, யாரைக் கேட்டு வாங்குனீங்க. ஷீட்டுக்கு நான் போட்ட கைக்காசு நாலு மாசம் திரும்ப வராம நின்னுச்சு. அதே ஆபீஸ் தண்ணி லாரி பில்லு எவ்ளோ வந்தாலும் கண்ண மூடிட்டு பாஸ் பண்ணும், அதுக்கு பிஓ, அதான் பர்ச்சேஸ் ஆர்டர், இருக்குல்ல.

அதனால ட்ரெயினிங் எல்லாம் வேணாம், மேனேஜர் கைல மாசம் ஒரு 25,000 குடுங்க, பில்லு மட்டும் கேளுங்க, சரியா வரலன்னா பரவால்லன்னு எழுத்துல குடுங்க. டிசைன்ல கை வைக்கச் சொல்லல, கம்பியைக் குறைக்கிறதுக்குப் பேரு ஐடியா இல்ல, மௌலிவாக்கத்துல 2014ல கட்டடம் இடிஞ்சு 61 பேர் செத்தது எனக்கும் ஞாபகம் இருக்கு.



போன மாசம் இப்ப இருக்கிற சைட்ல மேஸ்திரி ஒருத்தர் சென்ட்ரிங் (கான்கிரீட் ஊத்த அடிக்கிற பலகை) பத்தி ஏதோ ஐடியா இருக்கு சார்னு வந்தாரு. மெயில் போடுங்கன்னு சொல்லிட்டேன். அவருக்கு மெயில் ஐடியே கிடையாது, எனக்கும் தெரியும்.